இரண்டு பேட்டரி

"லோரிக்குத்தான் ரெண்டு பேட்டரி. இந்தச் சின்னப் பெட்டிக்கு எதுக்குலா?" என்று, டிவிக்கு இரண்டு பேட்டரியைச் சேர்த்து மாட்டலாம் என்ற என்னிடம் கேட்டார் மாமா.

அம்மாவின் தம்பியான அவர் தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை ஏற்றும் லோரி ஓட்டினார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நான் தானா ராத்தா ஊர்ப் பள்ளியில் இரண்டாம் படிவம், அதாவது எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அவருக்குப் பதில் சொல்வதைக்கூட நான் கௌரவக் குறைவாக நினைத்தேன்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு இருட்டிய பிறகுதான் மின்சாரம் வரும். பகலில் எங்கள் கறுப்பு வெள்ளை டிவி கார் பேட்டரியில் ஓடும். முந்தைய வருடம் தீபாவளிப் படம் முடியும் நேரத்தில் பேட்டரி இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கி அணைந்துவிட்டது. இந்த வருடம் அப்படி ஆகக்கூடாது என்று அப்பா ரிங்லெட் ஊர்க் கடையில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து தூக்கி வந்திருந்தார். மாமாவும் தன் பழைய காரின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். ஒன்று இறங்கினால் அடுத்ததை மாட்டுங்கள், இரண்டையும் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. இரண்டு டார்ச் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் பல்ப் இன்னும் பளிச்சென்று எரியும். டிவியும் அப்படித்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்த கைகளால், நான் சொல்லச் சொல்ல அப்பா வயரை முறுக்கினார். இதன் சிவப்பிலிருந்து அதன் கறுப்புக்கு. ஒவ்வொன்றையும் என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். வாசல் நிறைய ஆட்கள் புதுத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சுவிட்சைத் திருகினார். திரை ஒரு கணம் வெள்ளையாக மின்னியது. 'டப்' என்று ஒரு சத்தம், பின்பக்கத்திலிருந்து புகை.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாமா வயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பிள்ள சரியாத்தான் சொல்லிச்சு, மாப்ள. நான்தான் மாத்தி முறுக்கிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்கு லயத்தில் 'ரெண்டு பேட்டரி' என்று பெயர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஒருமுறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

வரிசையாக இணைத்ததால் மின்னழுத்தம் இரட்டிப்பாகி டிவி எரிந்தது, தப்பு என் யோசனையில்தான் என்பது மேல்வகுப்பில் படித்தபோது தெரிந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அப்பா பொய் சொன்னார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அது பொய் அல்ல என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. படித்த மகள் சொன்னது தப்பாக இருக்காது, ஆகவே தன் கைதான் தவறியிருக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். இத்தனை வருடம் கழித்து, போன மாதம் வேலை செய்யும் இடத்திலிருந்து ஊருக்குப் போனபோது, நான் வாங்கிக் கொடுத்த ரேடியோவைத் தொடவே தயங்கினார். "நீயே போடும்மா. என் கை ராசியில்லாத கை" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்குக் கடிதம் வந்தால் லயத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கும். மாமாவும் அங்கே இருப்பார். அதனால்தான் கடிதமாகவே எழுதினேன். அப்பா வயரைச் சரியாகத்தான் முறுக்கினார் என்பது முதல் வரி.

இன்று காலை தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.