கோமதி வீட்டில் நான் கொடுத்த வாக்கு

1. வெள்ளைச் சேலை

டவுனில் முதல் நாள் என்னைத் துரத்தியது நாயல்ல, ஒரு பெரியம்மாள். பாளையங்கோட்டையிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பி, ஆற்றுப் பாலம் தாண்டி, பிள்ளைமார் தெருவில் முதல் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அம்மா, வீட்டிலே பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவேன்" என்று, மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததில் முதல் வரியைத்தான் சொல்லியிருப்பேன்.

"விடியக்காலத்துல வெள்ளச் சேலையோட வாசல்ல வந்து நிக்கியே, வீடு வெளங்குமா? போட்டி அங்கன!" என்று சாணித் தண்ணீர்ச் செம்பை ஓங்கிவிட்டார்.

நான் விதவைதான். ஆனால் அந்த வெள்ளைச் சேலை எங்கள் வேலைக்கான உடுப்பு. கலியாணமானவர்களும் அதைத்தான் உடுத்தினார்கள். செம்பை ஓங்கி நிற்கிறவரிடம் இதையெல்லாம் விளக்க முடியுமா? குடையைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். எங்களை அனுப்பிய வெள்ளைக்கார மிசியம்மாள் எங்கள் வேலைக்கு வைத்த பெயர் பைபிள் உமன். டவுன்காரர்கள் வைத்த பெயர் வேதக்காரி. இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மறு வாரம் அதே வீட்டுப் பின்வாசலிலிருந்து "ஸ்... ஸ்..." என்று ஒரு சத்தம். பெரியம்மாளின் மருமகள் கோமதி. என்னைவிட நாலைந்து வயது இளையவள், இடுப்பில் ஒரு பெண்குழந்தை.

"வாத்தியாரம்மா, எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்க. அத்தைட்ட பேசி வச்சிருக்கேன். ஒண்ணும் சொல்ல மாட்டாக."

பெரியம்மாள் ஒண்ணும் சொல்லாமல் இல்லை. தொழுவத்துப் பக்கத்துத் தாழ்வாரத்தில்தான் நான் உட்கார வேண்டும், எதையும் தொடக்கூடாது என்றார். நான் எழுந்ததும் அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார். "இந்த ஓரம் விட்டுப்போச்சு, பெரியம்மா. இன்னும் கொஞ்சம் தெளிங்க" என்பேன். முறைப்பார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அரைமணி நேரம் எழுத்து, அப்புறம் ஒரு பாட்டு, ஒரு வேதக்கதை, கடைசியில் ஜெபம். வியாழக்கிழமைதோறும் இந்த முறைதான். எங்களை உள்ளே விடும் வீட்டைத் திறந்த வீடு என்போம். கோமதியின் வீடு திறந்ததைப் பார்த்து, பக்கத்து வீடுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. மிசியம்மாள் பரீட்சை வைக்க வந்த அன்று கோமதி எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தெருவையே ஆண்டவர் என் கையில் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

2. வாக்கு

டெல்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டம் கட்டிய வருஷம், கோமதியின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆவுடை என்று பெயர். தொடக்கூடாது என்று எனக்குத்தானே சட்டம்? அவளுக்கு இல்லையே. ஓடி வந்து என் மடியில் ஏறிக்கொள்வாள். அந்தப் பிள்ளை அன்று கண் திறக்காமல் கிடந்தது.

மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வீட்டு ஆண்கள் சம்மதிக்கவில்லை. வைத்தியர் வந்து மருந்து கொடுத்திருந்தார். பெரியம்மாள் காந்திமதி அம்மனுக்கு நேர்ந்து, பிள்ளையின் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

"நீங்களும் உங்க சாமிட்டக் கேளுங்க, வாத்தியாரம்மா" என்றாள் கோமதி.

கேட்டதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வேறொரு கவலை. பிள்ளை பிழைத்தால் அம்மனுக்கு நேர்ந்ததால் பிழைத்தது என்றல்லவா சொல்வார்கள்? என் ஆண்டவருக்கு ஒரு பேரும் கிடைக்காதே! எங்கள் கூட்டங்களில் இப்படிப்பட்ட சாட்சிகளைத்தான் எழுந்து நின்று சொல்வோம். எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

"திருநீற்றைத் துடை, கோமதி. மூணு நாள்ல உன் பிள்ளை எந்திரிச்சு ஓடும். என் ஆண்டவர் பேர்ல நான் வாக்குக் கொடுக்கேன்" என்றேன்.

பெரியம்மாள் பதறிப்போனார். கோமதி மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் முழங்காலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி ஜெபித்தேன்.

மறுநாள் விடியுமுன் ஆவுடை இறந்துவிட்டாள்.

செய்தி தெரியாமல் போய் நின்ற என்னைப் பெரியம்மாள் வாசலிலேயே மறித்தார். இந்த முறை செம்பு இல்லை. "கொடுத்த வாக்கு எங்கட்டி?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானத்துக்குள் தெருவில் எல்லா வீடும் மூடிக்கொண்டது.

3. மானமா, விசுவாசமா?

நாங்கள் காலையில் மிசியம்மாள் பங்களாவில் கூடி, முறை வைத்து ஒவ்வொருவராக ஜெபித்துவிட்டுத்தான் அவரவர் தெருவுக்குப் போவோம். என் முறை வந்தது. வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. கேட்கிறவர் ஒருவர் இருந்தால் அந்தப் பிள்ளையின் காரியத்தில் கேட்டிருக்க வேண்டாமா? இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீடு வீடாகப் போய் ஆண்டவர் இருக்கிறார் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கே நிச்சயமில்லாமல் எந்த முகத்தோடு போவேன்?

வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று ஏசுவடியாளிடம் சொன்னேன். என் வயதுக்காரி, மேலப்பாளையத்தில் வீடு வீடாகப் போகிறவள். வாயைத் திறந்தால் ஊசி.

"எதுக்கு விடுத?"

"எனக்கு விசுவாசம் போச்சுட்டி."

"விசுவாசம் போச்சா, மானம் போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு. நாலு நாளா நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தெரு மூடிக்கிடுச்சுங்கே, எந்த முகத்தோட போவேங்கே. அந்தப் பிள்ளைய நெனச்சு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா நீ?"

அறைந்த மாதிரி இருந்தது. கோபத்தில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆற்றங்கரைப் படித்துறை வரை போய் உட்கார்ந்தேன். மடியில் ஏறிக்கொண்ட ஆவுடையின் கனம் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அழுதேன். அழுகையோடு அழுகையாக ஆண்டவரைத் திட்டவும் திட்டினேன். துவைக்க வந்த பெண்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லை. "உமக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? ஒரு சின்னப் பிள்ளையை விட்டுவைத்தால் என்ன?" என்று கேட்டேன். திட்டி ஓய்ந்த பிறகு எனக்கே ஒன்று உறைத்தது. இல்லாத ஒருவரை இவ்வளவு நேரம் உட்கார்ந்து திட்டுவார்களா? நாலு நாளாக வராத ஜெபம் வந்துவிட்டிருந்தது. பதில் வரவில்லை, ஆனால் நான் பேசிவிட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தேன்.

4. வியாழக்கிழமை

அந்த வியாழக்கிழமை கோமதி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. வழக்கமாகப் பாடம் சொல்லும் நேரம் முழுவதும் நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்த வியாழனும் போனேன். தெருவில் சிரித்தார்கள். "வேதக்காரி மாட்டுக்குப் பாடம் சொல்ல வந்திருக்கா" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான். தொழுவத்து மாடு என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பழகிவிட்டிருந்தது. ஆடி கழிந்து ஐப்பசி மழையும் வந்தது, குடைக்குள் நின்றேன்.

அந்த மழையில்தான் பெரியம்மாள் கதவைத் திறந்தார்.

"எதுக்குட்டி வந்து வந்து நிக்கே? இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன், பெரியம்மா. நான் சொன்னது எங்க ஆண்டவர் சொன்ன வாக்கு இல்ல. நானா சொன்னது. அவர் பேரச் சொல்லி ஏமாத்திட்டேன்."

"அப்ப உங்க சாமி உன் ஜெபத்தக் கேக்கலையா?"

"கேட்டாரு. குடுக்கல. ஏன்னு எனக்குத் தெரியல."

பெரியம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "நானுந்தான் நேந்தேன். எனக்கும் தெரியலட்டி" என்றார். அந்த வீட்டில் இவ்வளவு நாளில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் பேச்சு அதுதான். இரண்டு பேரும் நின்று அழுதோம். "மழைல நனையாத, உள்ள வா" என்றார்.

உள்ளே கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு பைய எழுந்தாள். நிறைமாதம். எனக்குத் தெரியாது. காலில் விழப்போனேன், தடுத்துவிட்டாள்.

"வாத்தியாரம்மா, இந்தப் பிள்ளைக்கு வாக்கு ஒண்ணும் குடுத்துராதிய. ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்றாள்.

பெரியம்மாளைப் பார்த்தேன். "பண்ணு. மெதுவாப் பண்ணு, தெருவுக்குக் கேக்க வேண்டாம்" என்றார்.

"ஆண்டவரே, இவள் கோமதி. இவளை உமக்குத் தெரியும். எங்கள் எல்லாருக்கும் பயமாயிருக்கிறது. கூடவே இரும்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என் வேலையில் நான் செய்த முதல் நல்ல ஜெபம் அது என்று எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்கள் இந்தக் கதையைக் கேட்டு முகம் வாடுகிறார்கள். வாட வேண்டாம். நானும் விழுந்தவள்தான், அதன் பிறகும் அந்தப் பாலத்தைத் தாண்டி இருபது வருஷத்துக்கு மேல் நடந்தேன். வீடுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. சந்தேகம் வந்தால் அதையும் ஆண்டவரிடமே போய்ச் சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் சொல்லாததை மட்டும் அவர் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

அந்தப் பிள்ளை பிழைத்ததா என்றுதான் எல்லாரும் கடைசியில் கேட்பார்கள். பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தாலும் அடுத்த வியாழக்கிழமை நான் போயிருப்பேன்.