யாரும் பார்க்காத பத்துச் சோதனைகள்

நம்பச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், எனக்கே நடந்தது. என் அப்பா மூட்டை தூக்கியவர், அம்மா சித்தாள். பேய்க்குப் பயப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

அப்போது காகங்களை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கேள்வி எளிது. தன்னை யாரோ பார்ப்பது தெரிந்தால் காகம் தீனியை வேறு மாதிரி ஒளித்துவைக்குமா? கூண்டறைச் சுவரில் கண்ணளவு ஓட்டை. அந்தப் பக்கம் ஒரு குறுகலான அறை, ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு. 'பார்க்கும்' சோதனையில் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பார்ப்பேன். 'பார்க்காத' சோதனையில் அந்த அறையைத் திறந்து, காலி என்று உறுதி செய்து, பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். உள்ளே விளக்கு மட்டும் எரியும்.

ஐந்து காகங்கள் பாடம் படித்ததுபோல் நடந்துகொண்டன. ஆள் இருந்தால் கறித்துண்டைப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைக்கும். இல்லையென்றால் ஓட்டைக்கு எதிரிலேயே, மணலில். ஆறாவது, நொண்டி. அதற்குப் பத்துப் 'பார்க்காத' சோதனைகள் பாக்கி. என் பதிவுக் காலம் முடிய ஒரு மாதம். இது கெட்டால் பட்டம் இல்லை.

அப்பா போனில் கேட்டார். "ஏம்மா, காக்காவுக்குக் கறி போட்டே மூணு வருசம் ஓட்டிட்ட. பட்டம் உனக்கா, காக்காவுக்கா?"

"அடுத்த மாசம் முடிஞ்சிடும்ப்பா."

முதல் நாள், மதியம் 2.10. வேறு அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டி கறியைக் கவ்வியது. ஓட்டையைப் பார்த்தது. பலகைக்குப் பின்னால் போனது.

சட்டைப்பையைத் தொட்டேன். சாவி இருந்தது.

மறுநாளும் அதேதான். ஏழு நாளும் அதேதான்.

"ஓட்டைய டேப் போட்டு அடைச்சுப் பாரு" என்றார் கைடு மேடம்.

அடைத்தேன். நொண்டி எதிரிலேயே, மணலில் புதைத்தது. டேப்பைப் பிரித்தேன். மறுபடி பலகைக்குப் பின்னால்.

பத்தாவது நாள். சோதனை எப்படியும் கெட்டாச்சு என்று, அந்த அறையைப் பூட்டிவிட்டுக் கூண்டறைக்குள் நானே போனேன். மணி 2.14. நொண்டிக்குப் பக்கத்தில் குந்தினேன். ஓட்டை வழியாக வந்த விளக்கொளி மணலில் வட்டமாக விழுந்திருந்தது.

கிரீச்...

ஸ்டூல் கால் தரையில் உரசும் சத்தம்.

வட்டம் மறைந்தது.

எண்ணினேன். எட்டு நொடி. நொண்டி அசையவில்லை. நானும்தான்...

வட்டம் திரும்பி வந்தது.

ஓடினேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தேன். யாருமில்லை. நடுவில் கிடந்த ஸ்டூல் மட்டும் ஓட்டைக்கு அடியில், சுவரை ஒட்டி இருந்தது.

எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன். "அறை காலியா இருந்துச்சுன்னு காட்டணும், அப்பதான் தரவு நிக்கும்" என்றார். "வராந்தா கேமரா பதிவக் கேளு."

வாட்ச்மேன் பத்தாம் நாள் பதிவை ஓட்டிக் காட்டினார். நான் கதவைத் திறக்கிறேன். எட்டிப் பார்க்கிறேன். அறை காலி. பிறகு அரையடி பின்வாங்கி, கதவைப் பிடித்தபடி நிற்கிறேன். என் பார்வை வராந்தாவிலிருந்து அறைக்குள் மெல்லப் போகிறது. தலையாட்டுகிறேன். பூட்டுகிறேன்.

அப்படி நின்ற ஞாபகமே எனக்கு இல்லை.

"யாருக்கும்மா வழி விடுறே?" என்றார் வாட்ச்மேன்.

மேடமும் அதைப் பார்த்தார். நொண்டிக்கு நோய் என்று எழுதி அதன் தரவை எடுத்துவிட்டோம். ஐந்து காகங்களோடு பட்டம் வாங்கினேன். என் ஆய்வேட்டில் அந்த ஒரு வரிதான் பொய்.

மற்றப் பதிவுகளைப் பட்டம் வந்த பிறகுதான் பார்த்தேன். பத்து நாளும், உள்ளே போக வழிவிட்டிருக்கிறேன்.

வெளியே வர... ஒரு நாள்கூட விடவில்லை.