வாசலில் நின்ற மகன்

எனக்குப் பத்து வயதிருக்கும். நாங்கள் குடிபெயர்ந்திருந்த ஆங்கிலேய ஊரான சட்டனில் எங்கள் வகுப்பு ஆசிரியை, அந்தப் பகுதியில் முன்பு வாழ்ந்தவர்களில் ஆளுக்கொருவரைப் பங்கிட்டுக் கொடுத்து, அவரைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார். என் தோழிக்கு ஒரு கப்பல் தலைவர் கிடைத்தார். எனக்குக் கிடைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர். அவரும் அரசர்களையோ போர்களையோ வரைந்தவரல்லர். துணி துவைப்பவர்களையும் மீன் விற்பவர்களையும் வரைந்தவர். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா, நித்திரைக் கண்ணோடு என்னை நூலகத்துக்குக் கூட்டிப் போனார். ஓவியரைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம்தான் இருந்தது. இருவரும் சேர்ந்து வாசித்தோம். தையற்காரரின் மகன். இளவயதில் ஓவியங்கள் நன்றாக விலைபோயின. பிறகு ஆட்களின் ரசனை மாறிவிட்டது. வீடு நிறையப் பிள்ளைகள். ஆகவே கல்லச்சுக்குப் போனார். வழுவழுப்பான கல்லில் பிசுக்குள்ள மைக்கட்டியால் படம் வரைந்து, அதைக் காகிதத்தில் ஒற்றி எடுக்கிற வேலை. ஓவியம் வாங்க வசதியில்லாதவர்களும் அந்தப் படங்களை வாங்கிச் சுவரில் மாட்டினார்கள்.

அவற்றில் அதிகம் விற்றது, மூட்டையோடு வாசலில் நிற்கும் இளைஞனைத் தாய் கட்டிப்பிடித்திருக்கும் படம். ஓவியரின் மூத்த மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட நாள் அது. சோகம் விலைபோகாது என்று, அச்சிட்டு விற்றவர் ‘வீடு திரும்பிய மகன்’ என்று பெயர் வைத்துவிட்டாராம். ஓவியர் மறுக்கவில்லை. கடைசிக் காலத்தில் கண் மங்கி, சட்டனிலேயே இறந்தார். மகனைப் பற்றி அதற்குமேல் ஒரு வரியும் இல்லை.

அன்று பின்னேரம் குசினியில் நின்று, வகுப்பில் சொல்லவேண்டியதைப் பேசிப் பழகினேன். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அவருடைய ஒரே மகன் ஒருநாள் சைக்கிளில் வெளியே போனவன். பிறகு ஒரு செய்தியும் இல்லை. எதையும் காதில் வாங்காமல் இருக்கும் பெரியம்மா, அன்று கறிக்கு லீக்ஸ் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும்,

“அந்தப் பெடியன் பிறகு தாயிட்டை வந்தவனோ?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“ஓம் மச்சாள், வந்தவன்.”

“கன காலத்தாலையோ?”

“கன காலத்தாலைதான். ஆனால் வந்தவன்.”

“அப்பா, புத்தகத்திலை அப்பிடி இல்லையே!”

“அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு, பிள்ளை. நான் முந்தி வேறை இடத்திலை வாசிச்சனான்.”

அம்மா திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டார். பெரியம்மா, “வந்திருப்பான் எண்டுதான் நானும் நினைச்சனான்” என்று சொல்லி மறுபடி வெட்டத் தொடங்கினார். அன்று எங்களோடு மேசையில் இருந்து சாப்பிடவும் செய்தார்.

எனக்குத்தான் ஆறவில்லை. பல் தீட்டியதாகப் பொய் சொன்னால்கூட மூலையில் நிறுத்துகிறவர் அப்பா. அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு கடைக்குப் போனபோது நூலகத்துக்குள் ஓடி, அந்தப் புத்தகத்தின் பக்க எண்களைப் பார்த்துப் பார்த்துப் புரட்டினேன். வீட்டுக்கு வந்ததும், வேலைக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.

“ஒரு பக்கமும் கிழியேல்லை, அப்பா.”

“அப்ப நான்தான் பிழையா நினைச்சிட்டன்.” நிமிராமலே சொன்னார். “பெரியம்மாட்டை மட்டும் சொல்லிப்போடாதை, என்ன?”

தான் பிழையாகச் சொன்னது பெரியம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்கு விளங்கியது. பாவமாக இருந்தது. பெரிய மனது பண்ணி, சரி என்றேன்.