தங்கையின் கடைசி வசனம்

பர் துபாயில் சிவசங்கரனும் நானும் பதினெட்டு வருடமாக ஒரே கட்டிடத்தில் குடியிருக்கிறோம். கட்டுமானக் கம்பெனி ஒன்றில் அவருக்கு எஸ்டிமேட் போடும் வேலை. ஆனால் வாயைத் திறந்தால் நாடகம்தான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இத்தாலியில் எழுதப்பட்ட ஒரு நாடகத்தைக் கல்லூரி நாட்களிலேயே தமிழாக்கி வைத்திருந்தார். கிரேக்கத்துப் பழங்கதைதான். செத்த அண்ணனைப் புதைக்கக்கூடாது என்று ராஜா உத்தரவு போடுகிறான், தங்கை புதைத்துவிடுகிறாள். இத்தாலிக்காரர் அந்த ராஜாவுக்குச் சர்வாதிகாரியின் சீருடையை மாட்டிவிட்டிருந்தார்.

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவில் ஒருவழியாக அதற்கு நாள் வந்தது. தங்கையாக அவர் மனைவி ஜலஜா. காவலாளி நான். ராஜா வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் விஜயபாஸ்கர், சிவசங்கரனின் முதலாளி.

முதலாளி ஒரு வார்த்தையைக்கூட மாற்றச் சொல்லவில்லை, சத்தியமாக. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சிவசங்கரன் தானாகவே பயந்து வெட்ட ஆரம்பித்தார். முதலில் சீருடை போய்ப் பட்டு அங்கவஸ்திரம் வந்தது. பிறகு சிறைக் காட்சி போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கடைசியில் ராஜாவை எதிர்த்துத் தங்கையின் ஒரு வசனம்தான் மிஞ்சியது: "தெரிந்தேதான் புதைத்தேன். இன்னொரு முறையும் புதைப்பேன்."

கடைசி ஒத்திகையில் சிவசங்கரன் அதையும் அடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதாக எழுதினார்.

"இத நான் சொல்லமாட்டேன்," என்றாள் ஜலஜா.

"நம்ம பொண்ணு தன்யா ப்ளஸ் டூ முடிக்கட்டும் ஜலஜா. நம்ம விசா முதலாளி கையிலதான இருக்கு?"

பிறகு அவரே மனம் கேளாமல் பழைய வசனத்தையே சொல்லச் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விழா அன்று பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டுடன் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவர் அவர்தான். "யாரைக் கேட்டுப் புதைத்தாய்?" என்று கர்ஜித்தார் ராஜா. ஜலஜா பக்கத் திரையைப் பார்த்தாள்.

"தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள் மன்னா," என்றது சிவசங்கரனின் குரல்.

அவள் மறுபடியும் பார்த்தாள். இப்போது முன்வரிசைக்கே கேட்கும்படி அதையே சொன்னார். அவளும் சொல்லிவிட்டாள். ராஜா அவளை மன்னித்தார். அரங்கமே கை தட்டியது. ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் தட்டினேன். வெட்கங்கெட்ட கை.

"பிரமாதமான கதை சிவா, எங்க புடிச்சீங்க?" என்றார் முதலாளி.

"சும்மா, எங்கயோ கேட்டது சார்."

மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஜலஜாவிடம், "பரவால்லம்மா, மேடைல எல்லாருக்கும் மறக்கும்," என்றேன்.

"மறக்கலண்ணா. அந்தப் பழைய வசனத்த அவர் வாயால ஒரு தடவை கேக்கணும்னு நின்னேன்."