குழாயில் பிழை பிடித்தவர்கள்

எழுபதுகளின் கடைசியில் மெல்பேர்ன் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் மலேசியாவிலிருந்து வந்த சீனப் பெண். அவளுடைய அண்ணா இளம் வயதில் படிக்கவென்று சீனாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். விஞ்ஞானக் கதை எழுதுபவர். பிறகு அரசாங்கத்தின் கெடுபிடியில் அங்கே கதை எழுதுவதே குற்றமாகிவிட்டது. பல வருடங்களாக அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

அந்தக் கெடுபிடி தளர்ந்த பிறகு, ஒருநாள் அவளுக்குத் தபாலில் ஒரு சிறுவர் சஞ்சிகை வந்தது. உள்ளே அவருடைய புதுக்கதை. கூடவே அண்ணாவின் கடிதத்தில் ஒரு கேள்வி: இங்கே குழந்தைகள் வாசிக்கிறார்கள், அங்கே பெரியவர்கள் யாராவது வாசிப்பார்களா?

அவள் அந்தக் கதையை இங்கிலீஷில் மொழிபெயர்க்க, நான் திருத்திக் கொடுத்தேன். பனிமலை அடியில் குழாய் இறக்கி, பூமியின் சூட்டை ஓர் ஊருக்குக் கொண்டுவரும் கதை. பாதிக்கு மேல் குழாய் விளக்கம்தான். எனக்குக் கொட்டாவி வந்தது. வெட்டிவிடு என்றேன்.

"அண்ணா ஆசையா எழுதினது அதைத்தான்," என்றாள். எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே நிற்கிறது.

நகரத்தில் விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள் கூடும் மாடி அறை ஒன்று இருந்தது. கதையை அங்கே கொண்டுபோனோம். கதை வாசித்து முடிந்ததும் ஒவ்வொருவராகக் குறை சொல்வார்கள்; கொண்டுவந்தவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம். எங்களுக்கு அது போன பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒரு தாடிக்காரன், அந்த அழுத்தத்துக்குக் குழாய் வெடித்துவிடும் என்றான். அடுத்தவன், இரும்பைத் தடிப்பாக்கினால் தாங்கும் என்றான். பிறகு எல்லோரும் குழாயையே பிடித்துக்கொண்டார்கள். நல்ல கதை என்று மரியாதைக்குக்கூட ஒருவர் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணாவுக்கு என்னத்தை எழுதுறது?" என்று ட்ராமில் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சிரித்தார். "கதை பிடிக்காட்டி ஆர் குழாய்க்காகச் சண்டை பிடிக்கிறது? அவங்கள் அதை நம்பி வாசிச்சிருக்கிறாங்கள்."

அதை அவளிடம் சொன்னேன். அரை மனதோடு, நடந்ததை நடந்தபடியே அண்ணாவுக்கு எழுதிப் போட்டாள்.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வாசித்துக் காட்டினாள். யார் சொல்லி எழுதினாய், எதற்காக எழுதினாய் என்று அவரை எத்தனையோ பேர் விசாரித்திருக்கிறார்களாம். குழாய் தாங்குமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம்.

மேலே வாசிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இரும்பு எவ்வளவு தடிப்பா இருக்கோணும் எண்டு அவையளைக் கேட்டு எழுதச் சொல்லுறார் அண்ணா," என்றாள்.