உலகத்திலேயே ஒன்றே ஒன்று

பழைய விமானங்களை அடையாளம் காணும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து சண்டை. மங்கிப்போன படம் ஒன்று: இரட்டை இறக்கை, வாலில் நட்சத்திரம். பிரெஞ்சுக்காரர்கள் செய்தது என்கிறார் ஒருவர். போருக்கு முந்தையது என்கிறார் இன்னொருவர். அதன் மூக்கில் மாட்டியிருந்த டேபிள் ஃபேனைப் பார்த்ததும் எனக்கு மிளகாய் பஜ்ஜி மணந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது போன காஞ்சிபுரம் கருட சேவைத் திருவிழாக் கூட்டம், வழியெல்லாம் பஜ்ஜிக் கடைகள். புகைப்படக் கொட்டகையில், உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அந்த விமானம் நின்றிருந்தது. அப்பா ஏறி உட்கார்ந்ததும் நான் அலறினேன்.

"ஏம்மா அழுவுற?"

"நீயும் மாமா மாதிரி பூடுவ."

விமானம் ஏறித் துபாய் போன மாமா அதுவரை திரும்பியிருக்கவில்லை.

அப்பா இறங்கி, என்னைத் தூக்கிக்கொண்டு விமானத்தின் பின்பக்கம் போனார். "பாருமா, இது எங்கியும் போவாது."

அங்கே வெறும் பலகையும் மூங்கில் முட்டும்தான். ஆணியில் புகைப்படக்காரரின் சாப்பாட்டுத் தூக்கு தொங்கியது. சோறு தொங்கும் விமானம் எப்படிப் பறக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி விமானத்தில் உட்கார்ந்த அப்பாவின் மடியில் ஏறினேன்.

குழுவில் எழுதினேன்: "அபூர்வமானதுதான். உலகத்திலேயே ஒன்றே ஒன்று. யாருடைய அப்பாவையும் எங்கேயும் கொண்டுபோனதில்லை."