மன்னூபியாவின் கைக்குத் தப்பியது

துனிஸ் நகரத்தின் பாப் சுவைக்கா சதுக்கத்துக்குப் பின்சந்தில் இருக்கும் ஹம்மாம் என்னும் பொது வெந்நீர்க் குளியலகத்தில் மன்னூபியா முப்பத்தாறு வருடமாகப் பெண்களுக்கு அழுக்குத் தேய்க்கிறாள். மதியம் ஆண்கள் குளித்துக் கிளம்பியதும் பெண்கள் நுழைவார்கள். ஆவி அடைத்த அறையில் சூடான கல்மேடையில் வந்து படுப்பவள் எவளானாலும், அவள் புருஷனுக்குத் தெரியாததுகூட மன்னூபியாவின் முரட்டு உறை மாட்டிய கைக்குத் தெரிந்துவிடும். கை கண்டுபிடித்ததை வாய் அடக்கி வைக்காது.

மார்பில் தழும்போடு வருகிறவர்களிடம் மட்டும் வாய் அடங்கும். மூலைத் தொட்டிக்கு அழைத்துப் போய், தன் அகல முதுகால் மறைத்து உட்கார வைப்பாள். அவள் வேலைக்கு வந்த புதிதில் அப்படி வருடத்துக்கு ஒருத்தி வந்தால் அதிகம். கழுத்தெலும்பிலிருந்து விலா வரைக்கும் வெட்டு இருக்கும். தோலுக்கடியில் எலும்பை எண்ணலாம். அந்தப் பக்கத்துக் கை உலக்கையாய் வீங்கியிருக்கும். நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், “அது” என்பார்கள். அடுத்த வருடம் அவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள். பிறகு வந்தவர்களுக்கு வெட்டு நேர்கோடாகி, விலாவின் மேல் சதை மிஞ்சியது. பிறகொரு நாள் ஒருத்தி இரண்டு மார்போடும் வந்து, அடியில் பிறைபோல ஒரு கோட்டைக் காட்டி, “எனக்கும் அதேதான் வந்துச்சு” என்றாள். மன்னூபியா நம்பவில்லை.

“பூனை கீறினதைக் காட்டி என்னை ஏமாத்தாதே” என்றாள்.

தங்கை கல்யாணத்துக்கு முந்தின வாரம் ரௌதா என்றொரு பெண் குளிக்க வந்தாள். ஊர் வழக்கப்படி மன்னூபியா விசாரணையை ஆரம்பித்தாள்.

“என்ன வேலை பாக்குறே கண்ணு?”

“டாக்டர்க்கா. மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் பண்றேன்.”

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்ட மன்னூபியா தேய்ப்பதை நிறுத்தினாள். “அப்ப, தையல் ஓரத்துல பொடி முடிச்சாப் போடுறது நீதானா! நல்ல கை. உனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரே, அவர் மெத்தை தைக்கிற மாதிரி இழுத்துல்ல தைப்பாரு. கண்ணை மூடிட்டே தடவிச் சொல்லிருவேன்.”

ரௌதா சிரித்த சிரிப்பில் சோப்பு நுரை வாய்க்குள் போயிற்று. இரண்டு வருடமாக முப்பது வருடத்துப் பழைய கோப்புகளைப் புரட்டி, கட்டி எந்த அளவில் தெரிந்தது, என்ன ஆபரேஷன் நடந்தது என்று தான் அட்டவணை போட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னாள்.

“இதுக்கு ரெண்டு வருஷமா?” என்றாள் மன்னூபியா. “அப்பல்லாம் எலுமிச்சம்பழம் ஆன பிறகுதான் போவாளுங்க. இப்போ கொண்டைக்கடலையிலேயே போயிடுறாளுங்க. கட்டி சின்னதாச்சு, வெட்டும் சின்னதாச்சு. அக்குளை முழுசா வழிச்செடுக்காம விரக்கடை வெட்டோட விட்டுடுறீங்க, கையும் வீங்குறதில்ல. ஆனா வர்ற கூட்டம்தான் ஏறிப்போச்சு, சின்னப் பொண்ணுங்களும் வருதுங்க. சரியா?”

“அட்டவணையிலயும் அப்படியே வந்திருக்குக்கா.” ரௌதா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். “உங்களுக்கு என்ன வயசு? மேமோகிராம் படம் எடுத்திருக்கீங்களா?”

மன்னூபியா ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தாள்.

ஊரையெல்லாம் டாக்டரிடம் துரத்துகிறவள் அவள். நாலு வருடத்துக்கு முன் துணிக்கடைக்காரர் மனைவி பஹீஜாவின் மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, “அது கொழுப்புடீ” என்று அந்தம்மாள் முறைக்க, பெருநாளைக்கு முந்தின தினம் என்றும் பாராமல் மன்னூபியா உறையைக் கழற்றி எறிந்தாள். “டாக்டர் சீட்டு வர்ற வரைக்கும் உன் முதுகை என் கை தொடாது.” பஹீஜா சபித்துக்கொண்டே போனாள், மூன்று மாதம் கழித்துச் சீட்டோடும் ஒரு பெட்டி பேரீச்சை இனிப்போடும் வந்தாள்.

அப்பேர்ப்பட்டவள், படம் எடுக்க ரௌதா கொடுத்த மூன்று தேதிகளுக்கும் டிமிக்கி கொடுத்தாள். முதல் தடவை சித்தி செத்துப்போனாள். இரண்டாம் தடவை ரயில் ஸ்ட்ரைக். மூன்றாம் தடவை ரௌதா போன் செய்தபோது மன்னூபியாவுக்கு ஈரக் கை; ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“சித்தி தவறிட்டாங்கம்மா.”

“மார்ச்லயே தவறிட்டாங்களேக்கா?”

“அது... இவ அவளோட தங்கச்சி.”

“அவங்க பேரு?”

பெயர் வாயில் வரவில்லை. உடை மாற்றிக்கொண்டிருந்த பஹீஜாவின் காது முழுக்க இந்தப் பக்கம்தான் இருந்தது.

மறுநாள் ஆவி அறையில் பதினோரு பெண்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையைக் கட்டியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னடீ, எழவு வீடா இது?”

“சீட்டு எங்கே?” என்றாள் பஹீஜா. “அது வர்ற வரைக்கும் எங்க முதுகை உன் கை தொடாது.”

மன்னூபியா கத்தினாள், திட்டினாள், அவர்கள் மாமியார்களின் வண்டவாளத்தையெல்லாம் எடுத்து விட்டாள். ஒருத்தியும் அசையவில்லை. வெறும் கல்மேடையைக் கால் மணி நேரம் தேய்த்துவிட்டு மூலைத் தொட்டியருகே போய் உட்கார்ந்தாள். எத்தனையோ பேரை இங்கே தன் முதுகால் மறைத்திருக்கிறாள். தனக்கு வந்தால் எந்த முதுகு மறைக்கும்? இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பஹீஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து இயந்திரம் நசுக்கியபோது, “மெதுவாம்மா, ரொட்டி மாவுன்னு நெனச்சியா?” என்று கத்தினாள். படத்தில் இடது பக்கம் பருப்பளவு ஒரு புள்ளி தெரிந்தது. அந்த இடத்தைத் தானே பத்துத் தடவை அழுத்திப் பார்த்தாள், ஒன்றுமே தட்டுப்படவில்லை. “என் கைக்குத் தெரியாததா?” பயத்தைவிட அவமானமே முந்திக்கொண்டது. பயம் வராந்தாவில் வந்தது.

புள்ளியிலிருந்து ஊசியில் எடுத்துப் பார்த்தார்கள், அதுவேதான். ஆபரேஷன் மேஜையில் மயக்கம் ஏறுமுன் ரௌதாவிடம், “நல்லாத் தை. நாப்பது பொம்பளைங்க பாத்து மார்க் போடுவாளுங்க” என்றாள். பருப்பையும் அக்குளில் இரண்டு நிணநீர் முடிச்சுகளையும் மட்டும் எடுத்தார்கள், முடிச்சுகளுக்குப் பரவவில்லை. பிறகு மூன்று வாரம் கதிர்வீச்சு. முடியும்வரை வெந்நீர் கூடாது, தேய்க்கக் கூடாது என்றார்கள். மன்னூபியாவை அழ வைத்தது அதுதான்.

வேலைக்குத் திரும்பிய அன்று, மூலைக்குப் போகாமல் நடுமேடையில் நின்று தழும்பைக் காட்டினாள். பஹீஜா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“எங்கேடீ? காணோமே!”

“குருடி! இதுக்காகப் பத்து நாள் படுத்துக் கிடந்தேன்!”

அதற்குப் பிறகு நாற்பது தாண்டிய யார் வந்தாலும் முதலில், “படம் எடுத்தாச்சா?” என்றுதான் கேட்பாள். ஹம்மாம் முதலாளி அஜ்மிக்கு இது பொறுக்கவில்லை.

“வர்றவங்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிட்டா, இங்க குளிக்கிறதுக்கு யாரு வருவா?”

“ஆம்பளைக்கும் அது வரும், தெரியுமா முதலாளி? டாக்டரம்மா அட்டவணையில நாலஞ்சு பேரு இருக்காங்களாம்” என்றாள் மன்னூபியா, பச்சைப்பிள்ளை முகத்தோடு.

மறுநாள் மதியம், ஆண்களுக்குத் தேய்க்கிறவர் வேலை முடிந்து போகிற வழியில் அவளிடம் நின்றார்.

“என்னத்த சொல்லித் தொலைச்சே? மொதலாளி அரை மணி நேரமா மல்லாந்து படுத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாருன்னு என் உசுரை வாங்கிட்டாரு.”

“என்ன இருந்துச்சு?”

“ஆட்டுக்கறியா தின்னு சேத்த கொழுப்புதான் இருந்துச்சு. சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. அந்த டாக்டரம்மா நம்பரை உங்கிட்ட வாங்கிட்டு வரச் சொன்னாரு.”